வேண்டாம் என்று சொன்னவர்

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். ஜன்னலுக்குக் கம்பி போட வேண்டுமாம், சிக்கனமாகச் செய்து கொடுக்கிற வெல்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் டீச்சர் என்றாள். எனக்கு யாரையும் தெரியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. ஒரு காலத்தில் காரைக்குடியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே வேலை பார்த்தவள் போல நான் அலைந்தது அவளுக்கு எங்கே தெரியும்?

அப்போது என் பதில் ஒரே ஆள்தான். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கழனிவாசல் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய வெல்டிங் டிரான்ஸ்பார்மர், ஒரு மரப் பெஞ்சு, சுவர் ஓரமாகச் சாத்தி வைத்த இரும்பு. நடுவில் அவர். குட்டையான ஆள், பொறி பட்டுப் பட்டு ஊசிக்குத்துகளாக ஓட்டை விழுந்த காக்கிச் சட்டை, எந்நேரமும் சிவந்து கலங்கிய கண். அந்தக் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். வேலை கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் சொல்கிற வார்த்தை "வேணாம்."

நிஜமாகவே அதுதான் முதல் வார்த்தை. கொண்டுபோன பொருளை வாங்கி, இங்குட்டும் அங்குட்டும் திருப்பிப் பார்த்து, விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, "வேணாம்" என்பார். இதற்கு வெல்டிங் வேண்டாம், ஒரு போல்ட்டு போதும். இதற்குப் புதுக் கம்பி வேண்டாம், இருக்கிற கம்பியே பத்து வருஷம் வரும். வேலை வேண்டாம் என்று சொல்கிற வேலைக்காரனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதனால்தான் விழுந்தேன்.

அறுபதுகளின் நடுவில், நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆம்பிளை இல்லாத வீடு என்றால் இரும்புகூட இளக்காரமாக உடையும் போல. வாளி, கொடிக்கம்பி, கொண்டி என்று வாரத்துக்கு ஒன்று கையோடு வந்துவிடும். எங்களுக்குத் தெரிந்து ஊரில் பற்ற வைக்கிறவர்கள் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய பட்டறையில் லாரி வேலையும் மில் வேலையும் செய்வார்கள். காது உடைந்த வாளியோடு போய் நின்றேன். எத்தனை வாளி என்று கேட்டார்கள். ஒன்றுதான் என்றதும் என் தலைக்கு மேலே பார்த்து வேறு யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் கேஸில் பற்ற வைப்பவர். எதைக் கொடுத்தாலும் சாயங்காலம் வாங்க என்பார். அவருடைய சாயங்காலம் வந்து சேரப் பதினைந்து நாளாகும். மூன்றாவதாகத்தான் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன்.

"இதுக்கு வெல்டிங்கு வேணாம்த்தா. தகரம் மெலிசு, ஓட்டை விழுந்துரும். பாத்திரக்காரருகிட்ட ரெண்டு ரிவிட்டு அடிச்சுக்கங்க" என்றார். சொன்னதற்குக் காசும் வாங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தபோது, ஏதோ பெரிய புதையலைக் கண்டுபிடித்துவிட்டவள் போல எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு இரும்பெல்லாம் அவர் கையில். அடுப்படி ஜன்னலுக்கு எட்டுக் கம்பி போடச் சொன்னேன். நூலைப் பிடித்து அளந்துவிட்டு ஐந்து போதும் என்றார். பூனை வருமே என்றேன். பூனை எப்படியும் வாசல் வழியாகத்தான் வருகிறது, அதற்கு ஏன் ஜன்னலுக்குச் செலவு என்றார். கிணற்று ராட்டினத்துக்குப் புதுத் தூண் போட அம்மா ஆசைப்பட்டாள். அதற்கும் வேண்டாம், பழைய தூணுக்கே ஒரு முட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த முட்டு கடைசிவரை அசையவில்லை.

எங்கள் தலைமை ஆசிரியை புது வீட்டு கேட்டில் இரண்டு மயில் வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெல்டர் மயில் வேண்டாம் என்றார். ஏன் என்று தலைமை ஆசிரியை கேட்க, "துருப்புடிச்சா கோழி மாதிரி ஆயிரும்மா" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே சொன்னார். தலைமை ஆசிரியை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், அந்த ஆளையே வரச்சொல் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோரு டீச்சர்கள் வீட்டுக்கு அவர் வேலை செய்தார். பதினோரு வீட்டுக்கும் சிபாரிசு நான்தான். ஆளை நம்பலாம், மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்று கேட்காதவர்களிடமும் சொல்வேன். அதில் எனக்கு என்ன பெருமையோ தெரியவில்லை. தேசப்படம் தொங்கவிட என் வகுப்புக்கு ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று சொன்னாரே, அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சாக ஆக்கிவிட்டேன்.

அம்மா மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. "வேலை நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஏன் ஆளைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுற?" என்பாள். எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பற்ற வைப்பதற்கு முன்னால், இடது கையில் கறுப்புக் கண்ணாடித் தட்டியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அங்குட்டுத் திரும்பிக்கங்க" என்பார். அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். நிற்கிறவர்கள் எல்லோரும் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்கும். போதும் என்று அவர் சொன்னதும் திரும்புவோம். வேலை முடிந்திருக்கும். ஐந்தாறு வருஷம் அவர் கொட்டகைக்குப் போய்வந்தேன், அவர் பற்ற வைத்ததை ஒருநாளும் நான் நேராகப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் திருப்பத்தூர், உரக்கடை வைத்திருந்தார். அம்மாவுக்குச் சீர் கவலை பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்துச் சீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆச்சிமார் வீடுகளில் பெருஞ்சீராக நடக்கும், எங்களைப் போன்ற வீடுகளில் அதைப் பார்த்துச் சின்னதாக நடக்கும். வழக்கம் மட்டும் ஒன்றுதான். அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் பெண் வீட்டு விலாசத்தை, அதாவது வீட்டு முதலெழுத்துகளையும் பெண்ணின் பேரையும், வெட்டித்தான் அனுப்ப வேண்டும். கூடத்தில் பரப்பி வைத்தால், பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொன்றையும் எடுத்துக் கவிழ்த்து, வெட்டிய பேரைப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். பேர் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் வாழாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால், பேர் வெட்டிய அத்தனையும் அவள் பின்னாலேயே வண்டியேறி வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் பேர்.

அம்மா ஆயுசு முழுக்கப் பாயில் படுத்தவள். மகளுக்கு ஒரு இரும்புக் கட்டில் கொடுத்தே தீருவது என்று நின்றாள். நான் போட்டுவந்த சீட்டை எடுத்தோம். இரண்டு பேருமாகக் கொட்டகைக்குப் போனோம். அம்மா நறுக்கென்று சொன்னாள்:

"எல்லாம் புதுப் பைப்புல வேணும். பழசு ஒரு துண்டுகூடச் சேரப்படாது. கல்யாணக் கட்டிலு."

"உங்க வீட்டு வேலைக்கு இதெல்லாம் சொல்லணுமாத்தா?" என்றார் அவர்.

அடுத்த வாரம் பைப்பு வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கு மாறாத புதுப் பைப்புகள் சுவரில் சாய்ந்திருந்தன. எங்கள் கண்முன்னால் ஒரு பைப்பின் நுனியில் ஒன்றரை சாண் அறுத்து, முனையை அரத்தால் ராவி, அம்மா கையில் கொடுத்தார். அடுப்பு ஊதிக்கொள்ளச் சொன்னார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் அவரைக் கொஞ்சம் பிடித்தது. வழியெல்லாம் அந்த ஊதுகுழலைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு மெத்தை அளவு சொல்ல அம்மா மட்டும் ஒருமுறை தனியாகப் போய்வந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பாத்திரத்துக்கெல்லாம் உளியால் டொக்டொக்கென்று எழுத்து வெட்டினார். கட்டிலிலும் வெட்டிவிட வேண்டும் என்றாள் அம்மா. அதற்கு வெல்டர் என்ன சொன்னார் தெரியுமா? வேணாம் என்றார். வெட்டிய இடத்தில் தண்ணீர் நின்று துரு ஏறும், கட்டிலுக்கெல்லாம் யாரும் பேர் வெட்டுவதில்லை என்றார். வேணாம் என்று அவர் சொன்னால் எங்களுக்கு வேண்டாம்தான். சட்டத்தையும் பட்டையையும் சுற்றிவரப் பற்ற வைக்கவும் வேண்டாம், நாலு புள்ளி வைத்தால் போதும், தாங்கும் என்றார். சரி என்றோம். பெயின்ட் விஷயத்தில் மட்டும் அதிசயமாக அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. "இதுக்கு ரெண்டு கோட்டு வேணும்." வழக்கமாக வெறும் ரெட் ஆக்ஸைடு போதும் என்கிற மனிதர், பச்சைப் பெயின்டை இரண்டு கோட்டு தானே உட்கார்ந்து அடித்தார். டீச்சர் கல்யாணமாச்சே, பாசத்தில் செய்கிறார் என்று நான் நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

திருப்பத்தூரில் இரண்டு வருஷம் ஓடியது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். குழந்தை இல்லை. மாமியார் முதல் வருஷம் கேட்டார், இரண்டாம் வருஷம் பார்த்தார். கேட்டபோதாவது பதில் சொல்ல முடிந்தது.

அந்தக் கோடையில் வீட்டில் மூட்டைப்பூச்சி. நாலு புள்ளி வைத்துவிட்டு மிச்சத்தைச் சும்மா விட்டிருந்தாரே, அந்த இடுக்கெல்லாம் பூச்சி குடித்தனம் நடத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை முற்றத்தில் போட்டு, மாமியார் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற, நான் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தேன். தலைமாட்டுக் கம்பத்தின் உள்பக்கத்தில் பெயின்ட் கொப்புளம் கட்டியது. அடியில் வெள்ளையாக, பள்ளம் அடைக்கப் பூசுகிற மக்கு. தேய்க்கத் தேய்க்க மக்கு பொடிப்பொடியாகக் கழன்றது. கழன்ற இடத்தில் எழுத்து.

மூன்று எழுத்து விலாசமும் ஒரு பெண்ணின் பேரும். பேர் என்னுடையது இல்லை.

மாமியார் துணியை என் கையிலிருந்து வாங்கி, தானே தேய்த்து முழுசாகப் படித்தார். பிறகு பானையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.  என் வீட்டுக்காரர் அடுத்த நாள் காரைக்குடி போய், பழைய சாமான் கடைகளில் அந்த விலாசத்தைச் சொல்லி விசாரித்துவிட்டு வந்தார். அது பெரிய வீடு. அந்தப் பெண் பதினோரு மாதம் வாழ்ந்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். சீரும் பின்னாலேயே வந்தது. கண்ணில் படுகிறபோதெல்லாம் பெண் அழுகிறாள் என்று ஒவ்வொன்றாக விற்றுவிட்டார்கள். கட்டிலை வாங்கிப் போனது கழனிவாசல் சாலையில் இருக்கிற ஒரு வெல்டர்.

அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தார். "வாழாதவ கட்டில்ல எம் பிள்ளைய ரெண்டு வருசமாப் படுக்க வச்சிருக்காக ஒங்க ஆத்தா. அப்பறம் எப்புடி ஒரு புழு பூச்சி உண்டாகும்?" என்றார்.

அம்மாவுக்குத் தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டில் சிக்கனத்துக்காகப் பழசை வாங்கிப் பெயின்ட் அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். கட்டிலும் நானும் காரைக்குடிக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் அழவில்லை. அந்த வெல்டர் வந்து சொன்னால் நம்புவீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தப்புச் செய்திருக்கிறார், ஆனால் நேருக்கு நேர் கேட்டால் மறைக்க மாட்டார், அந்த மனுஷன் வாயில் பொய் வராது என்றேன். அப்போதும் நான் அப்படித்தான் சொன்னேன்.  என் அம்மாவின் மானத்தை அவர் வாயில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான்.

காலியாகக் காரைக்குடி போகிற ஒரு லாரியில் நானும் வீட்டுக்காரரும் கட்டிலைக் கழற்றி ஏற்றினோம். வழியில் அம்மா வீட்டில் நிறுத்திக் கட்டிலை இறக்கிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகக் கொட்டகைக்கு நடந்தோம். அம்மாவுக்கு வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

அவர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். "வாங்க டீச்சர். மாப்பிள்ளையும் வந்திருக்கீகளா? உக்காருங்க." நான் உட்காரவில்லை. கட்டிலில் பேர் இருக்கிறது என்றேன். எந்தப் பேர் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த ராடைக் கீழே வைத்தார். அப்போது கொட்டகையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரின் கணவர், ஏதோ கேட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்.

என் வீட்டுக்காரர்தான் கேட்டார். "பழைய கட்டில்னு இவுக வீட்டுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைமட்டும் சொல்லுங்க."

வெல்டர் அளவு கொடுக்க வந்தவரை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அந்தச் சிவந்த கண்ணில் தண்ணீர் எப்போதும் போல நின்றது.

"அம்மா அளவு சொல்ல வந்தப்ப, பழசு இருந்தாப் போதும்னு சொன்னாக. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் வேணாம்னுதான் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் எடுத்துப் போட்டார். ஊர் முழுக்க அவருக்கு நான் சம்பாதித்துக் கொடுத்த வார்த்தை அது. நான் கட்டிக்கொடுத்த பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு என் அம்மாவின் பேர் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் கணக்கு. அங்கே நின்ற டீச்சர் கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாலைக்கு இறங்கினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்னை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன வீட்டுக்காரர் மூன்று மாதம் கழித்து வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை, தன் அம்மாவுக்கு எதிராகப் பேசத் தெரியாதவர், அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் பாயில் படுத்தோம். பையன் பிறந்தான். அது பாயால் பிறந்தது என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பேரனை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தாள். காதுகுத்துக்கு அவளை அழைக்கவில்லை. பழைய கட்டிலைத் தள்ளிவிட்ட சம்பந்தி என்ற பேர் திருப்பத்தூரில் அவளுக்கு நிலைத்துவிட்டது, அந்த வீட்டு வாசலை அவள் கடைசிவரை மிதிக்கவில்லை.

கோபத்தில் ஒருநாள் எங்கள் காரைக்குடி வீட்டில் அந்த வெல்டர் செய்த எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கினேன். ராட்டினத்து முட்டில் கல்லால் தட்டினேன். ஒன்றாவது உடையாதா என்று இருந்தது. எதுவும் அசையவில்லை. அத்தனையிலும் அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

வருஷங்கள் கழித்து ஒரு சந்தையில் எதிரே வந்தார். நல்லா இருக்கீகளா டீச்சர் என்று பழைய மாதிரியே கேட்டார். கையில் இருந்த கத்தரிக்காய்ப் பையை அந்த மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. நான் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதற்கும் என்னை நானே மன்னித்ததில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இத்தனை நேரம் அவரைத் திட்டினேனே, அதைச் சொல்வதைத் தள்ளிப்போடத்தான்.

அவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அளவு சொல்லத் தனியாகப் போனாளே, ஒருவேளை சொல்லியிருப்பாளோ என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். நினைத்தது என் முகத்தில் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். மருமகன் வந்திருக்கிறாரே என்று காப்பிக்குத் தண்ணீர் வைத்து, குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். திரும்பாமலேயே ஊதுகுழலைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோயி அந்தக் கட்டில் கம்பத்தோட வச்சுப் பாரு" என்றாள்.

கட்டில் வாசலில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. குழலைக் கொண்டுபோய்க் கம்பத்தின் பக்கத்தில் வைத்தேன். குழல் கட்டைவிரல் பருமன். கம்பம் அதைவிட ஒரு சுற்று தடிமன். அன்றைக்கு எங்களுக்குக் காட்டிய புதுப் பைப்பு வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கிறது. அந்தக் கட்டிலில் அது ஒரு சாண்கூட இல்லை. பழசு போதும் என்று அம்மா சொல்லியிருந்தால், புதுப் பைப்பை வாங்கி வைத்து, ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அறுத்து அவள் கையில் கொடுத்து ஏமாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? இரண்டு வருஷமாக அம்மா தினமும் வாயில் வைத்து ஊதியது அந்தப் பொய்யைத்தான்.

என் வீட்டுக்காரரிடம் இரண்டையும் காட்டிச் சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. ஆனால் இதைக் கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் சொன்னால் நம்பவா போகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் குழலைத் திருப்பிக் கொடுத்தார். நான் அடுப்படிக்குத் திரும்பினேன். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆளை ஊர் சிரிக்க வைக்கிறேன் என்றேன். பதினோரு வீட்டுக்கும் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அம்மா குழலுக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"அந்தாளு யாரோ. அவரு என்னமும் சொல்லிட்டுப் போறாரு" என்றாள். "நீ ஏன்த்தா என்னையத் திரும்பிப் பாத்த?"

 பதிலுக்குக் காத்திராமல் குழலை முந்தானையால் துடைத்து, வாயில் வைத்து, அணையப் பார்த்த அடுப்பை மறுபடி ஊத ஆரம்பித்தாள்.